ஆங்கில வாக்கியத்துக்குள் இருக்கும் தமிழ்

'ஐ ஆம் வொர்க்கிங் இன் எ ஷிப்பிங் ஆபீஸ் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.' காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண் போன மாதம் என்னிடம் காட்டிய வேலை விண்ணப்பத்தின் முதல் வரி இது. வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்குச் சாயங்காலங்களில் இப்படி நாலைந்து பேர் வருவார்கள். வேலைக்கு ஒரு விண்ணப்பம், வங்கிக்கு ஒரு கடிதம், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க ஒரு புகார், ஏதோ ஒரு கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் என்று கையில் எதையாவது வைத்திருப்பார்கள். மண்ணடியில், துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் அடித்தே இருபது வருஷத்துக்கு மேல் கழித்தவன் நான். அதனால் என்னைத் தேடி வருகிறார்கள்.

"இதுல என்ன தப்புண்ணா? கம்ப்யூட்டர்ல அடிச்சா கீழ கோடு போடுது. ஏன்னு சொல்ல மாட்டேங்குது" என்றாள்.

அந்த 'ஏன்'தான் நம் ஊரில் யாரும் சொல்லித் தராதது. சரி, தப்பு என்று சிவப்பு மையில் சுழித்துக் கொடுப்பார்கள், காரணம் கிடைக்காது. அவளுடைய வரியைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "மூணு வருஷமா ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை செய்றேன்." இதில் ஒரு குறையும் இல்லை. வேலை இன்றைக்கும் நடக்கிறது, ஆகவே நிகழ்காலம். அதை ஆங்கிலத்திலும் நிகழ்காலத்திலேயே வைத்தாள். ஒரு இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றித்தான் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. பின்பற்றியது தமிழ் இலக்கணத்தை. என் கைக்கு வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அடியில் இருக்கும் தமிழ் வாக்கியத்தை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டால், ஆங்கிலம் எந்த இடத்தில் வேறு மாதிரி கேட்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முன்பு தொடங்கி இன்றுவரை நடந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லும்போது, அது முன்பே தொடங்கியது என்பது வினைச்சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று ஆங்கிலம் கேட்கிறது. அதற்குத்தான் 'ஹேவ் பீன்'. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்.' அடுத்தது சின்ஸ், ஃபார் குழப்பம். தமிழில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது: "மூணு வருஷமா" என்று 'ஆக' போட்டுச் சொல்கிறோம், "2022-லேர்ந்து" என்று 'இருந்து' போட்டுச் சொல்கிறோம். 'ஆக' வந்தால் ஃபார். 'இருந்து' வந்தால் சின்ஸ். "சின்ன வயசிலேர்ந்து" என்றால் 'சின்ஸ் சைல்டுஹுட்'. "ரொம்ப நாளா" என்றால் 'ஃபார் எ லாங் டைம்'. ஒரு தடவை இதைச் சொன்னேன், அந்தப் பெண் அடுத்த பத்து உதாரணங்களையும் தானே சரியாகச் சொன்னாள்.

இதே வினைச்சொல் இன்னொரு பக்கத்திலும் இடறும். ராயபுரம் ரயில் நிலையத்தை 1856-இல் திறந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் இதைக் கட்டுரையில் எழுதும்போது 'தி ஸ்டேஷன் ஹேஸ் ஓப்பன்டு இன் 1856' என்கிறார்கள். "1856-லயே திறந்திருக்காங்க" என்று நாம் பேசுகிறோம் இல்லையா, அந்த 'இருக்காங்க'தான் 'ஹேஸ்' ஆகிறது. தமிழில் 'திறந்திருக்கிறார்கள்' என்பதோடு தேதி சேரலாம். ஆங்கிலத்தில் முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்', 'ஹேஸ்' இரண்டும் விலகிக்கொள்ள வேண்டும். ஆகவே 'வாஸ் ஓப்பன்டு இன் 1856'. நேற்று, போன வாரம், பத்து வருஷம் முன்னால் என்று எந்தச் சொல் வந்தாலும் இதே கணக்குதான்.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் டாலி' (டாலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள்) போன்றவை எல்லாருக்கும் தெரிந்த பிழைகள், ஆனாலும் நிற்பதில்லை. தமிழில் 'படிக்கிறேன்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது: தினமும் படிப்பதையும் சொல்லும், இந்த நிமிஷம் படிப்பதையும் சொல்லும். ஆங்கிலத்தில் 'ஐ ரீட்' வேறு, 'ஐ ஆம் ரீடிங்' வேறு. நடந்துகொண்டிருக்கும் செயலுக்குத்தான் 'இங்'. இருப்பது, தெரிவது, பிடிப்பது, சொந்தமாக வைத்திருப்பது எல்லாம் செயல் இல்லை, நிலை. அவற்றுக்கு 'இங்' பொதுவாக ஒட்டாது. 'ஐ ஆம் ஹேவிங் டீ' மட்டும் சரி, ஏனென்றால் அங்கே 'ஹேவிங்' என்பது குடிப்பது.

அப்புறம், ஆர்ட்டிகிள்: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'அன்', 'தி'. எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் கடைசிவரை தீராத தொல்லை. தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் நமக்கு வராது என்று சொல்லிச் சொல்லியே நம்பவைத்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'எ', 'அன்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரம், ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்', மற்றதற்கு 'ஒரு'. ஆங்கிலத்தில் இருப்பதும் இதே விதி. இன்னொரு ஒற்றுமையும் உண்டு: 'அன்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற எண்ணைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். மெய்யொலிக்கு முன்னால் அதன் கடைசி ஒலி தேய்ந்து 'எ' ஆனது. இந்தத் தேய்மானத்தில் சில சொற்களே இடம் மாறிவிட்டன. சமையலுக்குக் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் ஒரு காலத்தில் 'நாப்ரன்'. 'எ நாப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் 'அன் ஏப்ரன்' என்று பிரித்துக்கொண்டார்கள். சொல்லின் தலையில் இருந்த 'ந்' என்ற ஒலி ஆர்ட்டிகிளோடு போய்விட்டது.

விதி எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைத்தான் பார்க்கிறது. இங்கே நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர், எம்.எல்.ஏ, எம்.ஏ: எல்லாம் எகரத்தில் தொடங்குகின்றன, ஆகவே 'அன்'. யூனிவர்சிட்டி, யூனியன், யூரோப்பியன்: யகரம் வந்துவிட்டது, ஆகவே 'எ'. மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'அவர்', ஆகவே 'அன் அவர்'. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்குத் தமிழ் எழுத்து உடனே விடை சொல்கிறது. ஒரே இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'ஒன் வே' என்று நாம் ஒகரம் போட்டு எழுதுகிறோம், ஆனால் ஆங்கில உச்சரிப்பு 'வன்'. ஆகவே 'எ ஒன் வே ஸ்ட்ரீட்'.

எம்டன் என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அதன் பிறகு கப்பலின் பெயரே தமிழில் ஒரு குணத்தின் பெயராகிவிட்டது. தந்திரமும் துணிச்சலும் உள்ள ஆளைப் பற்றி "அவன் சரியான எம்டன்" என்று சொல்வதை இன்றைக்கும் கேட்கலாம். ஆங்கிலத்தில் ஓர் ஆளின் பெயருக்கு முன்னால் ஆர்ட்டிகிள் வராது என்று படித்திருப்போம். ஆனால் ஒரு பெயர் இப்படி ஒரு வகை ஆளைக் குறிக்கத் தொடங்கிவிட்டால் ஆர்ட்டிகிள் வந்தே தீரும். 'ஹீ இஸ் அன் எம்டன்.' தொடக்கம் எகரம், ஆகவே 'அன்'.

இனி 'தி'. இது வரவேண்டிய இடத்தை நம் ஆட்கள் ஏற்கெனவே அறிவார்கள், அறிந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் யாராவது "வலை வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு வலை. "வலையை வாங்கினேன்" என்றால் அந்த வலை, நாம் முன்பே பேசிக்கொண்டிருந்த வலை. இடையில் வந்தது ஒரே ஒரு 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு. 'ஐ பாட் எ நெட்', 'ஐ பாட் தி நெட்' என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான். பொருள்களைப் பற்றிப் பேசும்போது உருபு இருந்தால் பெரும்பாலும் 'தி', இல்லாவிட்டால் 'எ'. ஆட்களைப் பற்றிப் பேசும்போது இது உதவாது, ஏனென்றால் "பையனைப் பார்த்தேன்" என்று எப்படியும் உருபு போட்டாக வேண்டும். அங்கே பாட்டி கதையை நினைத்துக்கொள்ளலாம். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. அந்த ராஜாவுக்கு..." முதல் தடவை 'ஒரு', அடுத்த தடவை 'அந்த'. முதல் தடவை 'எ', அடுத்த தடவை 'தி'. எந்தக் குழந்தையும் இதை மாற்றிச் சொல்லிக் கேட்டதில்லை.

ஊர்ப் பெயருக்கும் தெருப் பெயருக்கும் பொதுவாக 'தி' வேண்டாம்: ராயபுரம், மின்ட் ஸ்ட்ரீட். ஆறு, கால்வாய், கடலுக்கு வேண்டும்: 'தி பக்கிங்ஹாம் கேனால்', 'தி பே ஆஃப் பெங்கால்'. இதற்கெல்லாம் காரணம் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், பழகிக்கொள்வதுதான் வழி. 'மை மதர் இஸ் இன் ஹாஸ்பிடல்' என்பதில் மட்டும் ஒரு நயம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'தி' இல்லாமல் சொன்னால் அம்மா நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார். 'தி' போட்டுச் சொன்னால் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார், அங்கே வேலை பார்க்கிறவராகவும் இருக்கலாம். அமெரிக்கர்கள் இரண்டுக்கும் 'தி' போடுவார்கள்.

'இன்', 'ஆன்', 'டூ', 'வித்' போன்ற ப்ரெபொசிஷன் பிழைகளுக்கு நேராக நம் வேற்றுமை உருபுகளைத்தான் பார்க்க வேண்டும். "என் மேல கோபம்" என்பது 'ஆங்ரி ஆன் மீ' ஆகிறது, வேண்டியது 'வித் மீ'. "அவரோட கல்யாணம்" என்பது 'மேரீடு வித்' ஆகிறது, வேண்டியது 'டூ'. "கணக்குல கெட்டி" என்பது 'குட் இன்' ஆகிறது, வேண்டியது 'அட்'. சில வினைகளுக்கு ஆங்கிலத்தில் உருபே தேவையில்லை. "அதைப் பத்திப் பேசினோம்" என்பதால் 'டிஸ்கஸ்டு அபவுட்' எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. "ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன்" என்பதால் 'ரீச்டு டூ தி ஸ்டேஷன்'. "அவர்கிட்ட கேட்டேன்" என்பதால் 'ஆஸ்க்டு டூ ஹிம்'. இந்த இரண்டிலும் 'டூ' வேண்டாம். 'டோல்டு ஹிம்' என்றால் 'டூ' வராது, 'செட் டூ ஹிம்' என்றால் வரும். "எனக்கு விளக்கிச் சொன்னார்" என்பதில் இது தலைகீழ். நாம் 'எக்ஸ்ப்ளெயின்டு மீ' என்று விட்டுவிடுகிறோம், அங்கே 'டூ மீ' வேண்டும்.

தமிழின் 'இல்' என்ற ஒரே உருபு ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிகிறது. ராயபுரத்தில், ஸ்டேஷனில், பெஞ்சில். முதலாவது சுற்றி வளைத்த இடம்: 'இன்'. இரண்டாவது ஒரு புள்ளி: 'அட்'. மூன்றாவது மேற்பரப்பு: 'ஆன்'. நேரத்துக்கும் இதே மாதிரி பிரிவு உண்டு: மார்ச் மாதம் 'இன்', திங்கட்கிழமை 'ஆன்', ஐந்து மணிக்கு 'அட்'.

இவை எல்லாம் தப்பானாலும் பொருள் பெரிதாக மாறாது. படிக்கிறவர் புரிந்துகொள்வார். பொருளையே கவிழ்த்துவிடும் ஒரு பிழை இருக்கிறது, அதைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை உண்டு. "உன்னை அடிப்பேன்னு சொன்னான்" என்று ஒருவர் போலீஸ் புகாரில் எழுத வேண்டும். எழுதிக்கொண்டு வந்தது: 'ஹீ டோல்டு தட் ஐ வில் பீட் யூ.' தமிழில் 'என்று' என்ற சொல் மேற்கோள் குறி மாதிரி வேலை செய்கிறது. அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே உள்ளே வைக்கலாம், 'நான்' என்றால் அவன் என்று எல்லாருக்கும் புரியும். ஆங்கிலத்தின் 'தட்' அப்படி இல்லை. அதற்குப் பிறகு வரும் 'ஐ' என்பது எழுதுகிறவர், 'யூ' என்பது படிக்கிறவர். அதாவது புகார் கொடுக்க வந்தவர், புகாரைப் படிக்கும் இன்ஸ்பெக்டரையே அடிக்கப் போவதாக எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. 'ஹீ செட் தட் ஹீ வுட் பீட் மீ' என்று இருக்க வேண்டும். ஆட்களும் காலமும் எழுதுகிறவரின் இடத்திலிருந்து மாற வேண்டும். மாற்றத் தடுமாற்றமாக இருந்தால் மேற்கோள் குறி போட்டு அவன் சொன்னதை அப்படியே எழுதிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். புகாரில் அதுவே இன்னும் நல்லது.

கேள்வியை உள்ளே வைப்பதிலும் இதே சிக்கல். 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ' என்று எழுதுகிறோம். பள்ளியில் 'வேர் இஸ் ஹீ' என்றே மனப்பாடம் ஆகியிருக்கிறது. வாக்கியத்துக்குள் போனதும் அது கேள்வியாக இருப்பதை விட்டுவிடுகிறது, சொற்கள் பழைய வரிசைக்கே திரும்ப வேண்டும்: 'வேர் ஹீ இஸ்'.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் ஒன்று உண்டு. "உங்களுக்கு அனுபவம் இல்லையா?" என்று கேட்டால் "ஆமாங்க, இல்ல" என்று நாம் சொல்வோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி 'யெஸ்' என்று நிறுத்திவிட்டால் அனுபவம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே யெஸ், நோ இரண்டும் கேட்டவரின் பேச்சைப் பார்ப்பதில்லை, உண்மை நிலையைத்தான் பார்க்கின்றன. இல்லை என்றால் 'நோ, ஐ டோன்ட்'. இருந்தால் 'யெஸ், ஐ டூ'.

கொஞ்சம் நீளமாக எழுதுகிறவர்கள், குறிப்பாகக் கட்டுரையோ கதையோ எழுதிப் பார்க்கும் இளைஞர்கள், கேட்பது வேறு. 'கெட்டிங் ஆஃப் அட் ராயபுரம், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்ற வரியில் என்ன குறை என்று ஒருவன் கேட்டான். தமிழில் சொல்லு என்றேன். "ராயபுரத்தில் இறங்கி, மழை பெய்தது." சொன்னதும் அவனே நிறுத்திவிட்டான். இறங்கியது யார்? மழையா? 'செய்து' என்ற வாய்பாட்டு வினையெச்சத்துக்கு எழுவாய் எதுவோ, அதுவே முடிக்கும் வினைக்கும் எழுவாயாக வேண்டும் என்று நன்னூல் சொல்கிறது. வேறு எழுவாய் வர வேண்டுமென்றால் 'இறங்க, மழை பெய்தது' என்று 'செய' வாய்பாட்டுக்கு மாறலாம். நன்னூல் படிக்காதவர்களுக்கும் காது இதைச் சொல்லிவிடும். ஆங்கில நடை பற்றிய புத்தகங்களில் பக்கம் பக்கமாக எச்சரிக்கும் பிழை இது. தமிழ் தெரிந்தவன் ஒரு நொடியில் பிடித்துவிடலாம். 'வென் ஐ காட் ஆஃப் அட் ராயபுரம், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்றால் தீர்ந்தது.

காற்புள்ளி விஷயத்தில் ஆங்கிலம் நம்மைவிடக் கறார். "துறைமுகத்தில் வேலை செய்யும் என் அண்ணன்" என்றால் எனக்கு ஒரே அண்ணனா, பல அண்ணன்களில் துறைமுகத்துக்குப் போகிறவரா என்று தமிழில் தெரியாது. ஆங்கிலத்தில் 'மை பிரதர்' என்பதற்குப் பிறகு காற்புள்ளி போட்டு 'ஹூ வொர்க்ஸ் இன் தி ஹார்பர்' என்றால் ஒரே சகோதரர், கூடுதல் தகவல். காற்புள்ளி இல்லாவிட்டால் பல பேரில் அந்த ஒருவர். வாரிசுச் சான்று, சொத்து விவகாரம் போன்ற கடிதங்களில் இந்த ஒரு புள்ளி ஒரு ஆளைக் கூட்டும், குறைக்கும்.

மறுபக்கம், தமிழுக்கு இருக்கும் ஒரு வசதி ஆங்கிலத்துக்கு இல்லை. ஏகாரமும் 'தான்' என்ற சொல்லும். "இன்னைக்கே வேணும்" என்ற ஏகாரத்தை விட மனமில்லாமல் 'டுடே இட்செல்ஃப்' எழுதுகிறோம். "அவர்தான் சொன்னார்" என்பதை 'ஹீ ஒன்லி டோல்டு மீ' என்கிறோம். வெளிநாட்டவர் காதில் இரண்டாவது வரி, 'அவர் சொல்ல மட்டும் செய்தார், வேறு ஒன்றும் செய்யவில்லை' என்று விழும். 'இட் வாஸ் ஹீ ஹூ டோல்டு மீ' என்று வாக்கியத்தையே மாற்றிக் கட்ட வேண்டும், அல்லது பேச்சில் அந்த 'ஹீ'யை அழுத்த வேண்டும். இந்தப் பிழைகளைத் திருத்தும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும். அந்த ஏகாரம் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எதுவும் முழுசாகச் செய்வதில்லை.

உறவுச் சொற்களிலும் அப்படித்தான். சகலையை 'கோ-பிரதர்' என்று தென்னிந்தியாவில் எழுதினால் புரியும், லண்டனில் புரியாது. அங்கே மைத்துனர், கொழுந்தன், சகலை எல்லாரும் ஒரே 'பிரதர் இன் லா'. பெரியப்பா மகனை அண்ணன் என்றே வளர்ந்த நாம் 'கசின்' என்று மட்டும் எழுதினால் அவர் தூரத்துச் சொந்தமாகிவிடுகிறார், அதனால் 'கசின் பிரதர்' என்கிறோம். அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது 'கசின்' போதும் என்பேன். கதை எழுதுகிறவர்களிடம், உங்கள் பாத்திரம் எப்படிப் பேசுமோ அப்படியே விடுங்கள் என்பேன்.

சொல் ஒன்றாக இருந்து பொருள் விலகியிருப்பவையும் உண்டு. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று வகுப்பில் கேட்கிறோம், ஏனென்றால் சந்தேகம் என்ற தமிழ்ச் சொல்லுக்கு விளக்கம் கேட்பதும் ஒரு பொருள், நம்பாமல் இருப்பதும் ஒரு பொருள். ஆங்கிலத்தின் 'டவுட்' இரண்டாவதற்குத்தான். மேலாளரிடம் 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்' என்றால் அவர் அறிக்கையை நம்பவில்லை என்று ஆகிவிடும். 'கொஸ்சின்' என்று போடுங்கள். ஹோட்டலில் சாப்பிட்டோம் என்பதும் அப்படி: ஆங்கிலத்தில் ஹோட்டல் தங்குமிடம், சாப்பிடுவது ரெஸ்டாரன்ட். ஆனால் சொற்கள் ஊர் மாறினால் பொருள் மாறும், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நம் கட்டுமரத்தையே பாருங்கள். மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போனது இந்தக் கரை. ஆங்கிலத்துக்குப் போன 'கேட்டமரான்' இன்றைக்கு இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. அவர்கள் அகராதியில் அதுதான் சரி. அதே நியாயத்தில், குறித்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவதைச் சொல்லும் 'ப்ரீபோன்' என்ற இந்திய ஆங்கிலச் சொல்லையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டது.

'டூ தி நீட்ஃபுல்', அதாவது 'வேண்டியதைச் செய்யுங்கள்', பற்றி மட்டும் எனக்குக் கண்டிப்பு உண்டு. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே எழுதிய தொடர்தான் அது, இலக்கணப் பிழை இல்லை. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சு செய்து கொடுப்பவர்கள் முதல் துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்கள் வரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பல வருஷம் முன்பு நான் இருந்த அலுவலகத்திலிருந்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடித்து ஒரு கடிதம் போனது. எங்களுக்கு வேண்டியிருந்தது அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு அசல் ஆவணம். அதைக் கடிதத்தில் எங்கேயும் சொல்லவில்லை. அவர்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். கன்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றது, தாமதத்துக்கான கட்டணமாகிய டெமரேஜ் நாளுக்கு நாள் ஏறியது. என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டால் 'நீட்ஃபுல்' தேவையே இல்லை.

கடைசியாக, தேவையில்லாமல் பயமுறுத்தும் விதிகள். வாக்கியத்தை ப்ரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. டிரைடன் என்ற கவிஞர் 1672-இல் இன்னொரு எழுத்தாளரின் வரியைக் குறை சொல்லப்போய் இது பரவியது. 'டூ' என்பதற்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் வரக் கூடாது என்பது 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. லத்தீனில் அந்த வினைவடிவம் ஒரே சொல், நடுவில் எதையும் நுழைக்க முடியாது, ஆகவே ஆங்கிலத்திலும் கூடாது என்று ஒரு காரணம் சொல்வார்கள். இன்னொரு மொழியின் சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டிவிட்டார்கள். ஃபவ்லர் என்ற ஆங்கில அறிஞர் தம் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதியில் 1926-லேயே இவற்றை மூடநம்பிக்கை என்ற வரிசையில் வைத்துவிட்டார். 'வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்' என்பதை யாரும் திருத்த வேண்டாம். 'பட்', 'அண்ட்' என்று வாக்கியத்தைத் தொடங்கலாம், 'ஆனால்' என்று நாம் தொடங்குவதில்லையா?

அந்தக் காசிமேட்டுப் பெண்ணின் விண்ணப்பத்தில் கடைசிக்கு முந்தைய வரியில் ஒரு அடித்தல் இருந்தது. மேலாளருக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அழைக்கலாம் என்று எழுத நினைத்திருக்கிறாள். 'ஹீ' என்று எழுதி, அடித்து, 'ஷீ' என்று எழுதி, அதையும் அடித்திருந்தாள். "ஆம்பளையா பொம்பளையான்னு தெரியலண்ணா." 'தே' என்று போடச் சொன்னேன். ஒருத்தர்தானே, எப்படி 'தே' வரும் என்று கேட்டாள். 'அவர்' என்பதே முதலில் பலர்பால் சொல், மரியாதைக்காக ஒருவருக்கு வந்தது. 'நீங்கள்' என்பதும் அப்படி. ஆங்கிலத்தின் 'யூ'வும் ஒரு காலத்தில் பன்மைதான், ஒருவரைக் குறிக்க 'தௌ' என்ற சொல் தனியாக இருந்தது, அது வழக்கொழிந்துவிட்டது. யார் என்று தெரியாத ஒருவருக்கு 'தே' போடுவது 14ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. "அவர் வருகிறார்" என்று எழுதுகிற கைக்கு இதில் என்ன தயக்கம்மா என்றேன்.

எழுதினாள். பிறகு முதல் வரிக்குப் போய், திருத்தியதை வாய்விட்டுப் படித்தாள். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் எ ஷிப்பிங் ஆபீஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்.' கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைத் தமிழ்ல 'வேலை செய்து வருகிறேன்'னு எழுதுவோமேண்ணா, அதானே இது?" என்றாள்.

அதேதான்.